விரல் போன வழி

தோல் டாக்டர் சொன்னதும் சேவுகப்பெருமாள் சட்டையைக் கழற்றிவிட்டு, ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

இடது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய வட்டம். ஓரம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

"அரிப்பு இருக்கா? எத்தனை நாளா இருக்கு?"

அவர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்தில் நின்ற மனைவி சந்திரலேகாதான் பதில் சொன்னாள்.

"நாலு மாசமாச்சு டாக்டரம்மா. படர்தாமரையா இருக்கும்னு கடையில களிம்பு குடுத்தாக. ஒருநாள் விடாம நாந்தேன் தடவி விடுறேன்."

புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்று எட்டு மாதம். மகள் சத்தியப்பிரியா காரைக்குடியிலேயே பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவது சந்திரலேகாவுக்கு முன்கூட்டியே தெரியும். மறைத்துவிட்டாள்.

தெரியவந்த அன்று அவர் கத்தவில்லை. கை ஓங்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

முதுகுக்கு அவர் கை எட்டாது. அதனால் தினமும் விடிந்ததும், அரியக்குடி மினி பஸ்ஸை ஓட்டப் போகும் முன், களிம்பு டியூபை மேசை மேல் வைத்துவிட்டுத் திரும்பி உட்காருவார்.

அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவே மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவளும் அவசரப்பட மாட்டாள். பயறளவு எடுத்து, வட்டத்தின் ஓரத்தில் தொடங்கி நடுவரைக்கும் தடவுவாள். களிம்பு தோலில் இறங்கிய பிறகும் விரலை எடுக்க மாட்டாள்.

வாய்விட்டுக் கேட்க முடியாத மன்னிப்பை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாளும் அவர் விலகியதில்லை. போதும் என்று எழுந்ததுமில்லை. மனசு கொஞ்சம் இளகிவிட்டது என்றே அவள் நினைத்திருந்தாள்.

"கண்ணை மூடிக்கங்க. பஞ்சு படுறப்ப சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அவர் கண்களை மூடினார்.

பஞ்சு நுனி ஓரத்தில் இறங்கியது. அவள் விரல் போகும் வழியிலேயே மெல்ல ஒரு சுற்று வந்தது. மறுபடி ஒரு சுற்று. நடுவில் வந்து நின்றது.

டாக்டர் சந்திரலேகாவைப் பார்த்து, இது படர்தாமரை இல்லை என்பதுபோல் தலையசைத்தார். பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு, மாத்திரை எழுதச் சீட்டை இழுத்தார்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

மூடிய கண்ணைத் திறக்காமலே சேவுகப்பெருமாள் கேட்டார்.

"எப்பத் தொடப் போறீக, டாக்டரம்மா?"