ஜாய்க்காக ஜெபம்

"கர்த்தாவே, இந்தக் கொழந்தைய வலிப்புலேர்ந்து விடுதலையாக்கும்!"

பாஸ்டரம்மா அன்னபுஷ்பம் ஜாயின் நெற்றியில் எண்ணெய் தடவி, தலைமேல் கைவைத்து உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். ஆறு வயது ஜாய் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, எதிரே முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள்.

லீலாவுக்கு 'ஆமென்' சொல்ல வாய் வரவில்லை.

சுங்குவார்சத்திரத்து வாடகை வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார் பாஸ்டரம்மா. முட்டி வலியோடு பஸ் ஏறி வருகிற மனுஷி. அவர் வாங்கி வருகிற பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தாலே லீலாவுக்கு உள்ளே சுருக்கென்றிருக்கும்.

போன வருஷம் ஒரு காலையில் ஜாய் வீறிட்டு அலற, அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். தரையில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டிருந்த லீலா, "பாப்பாவுக்கு வலிப்பு" என்றாள். அவ்வளவுதான், சபை முழுக்க ஜாய்க்காக முழங்காலில் நின்றது. லீலாவின் கணவன் யேசுராஜ் ஒரகடத்தில் கார் கம்பெனி லைனில் வேலை செய்கிறவன். வெள்ளிக்கிழமைகளில் கேன்டீன் பக்கமே தலைகாட்டாமல் மகளுக்காக உபவாசம் இருக்கிறான்.

"ஒங்க வூட்ல யாருக்காச்சும் இது இருந்துச்சா லீலா?" என்று அவன் ஒருமுறை கேட்டான்.

"ச்சே, யாருக்கும் கெடையாது" என்று அவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள். கல்யாணப் பேச்சின்போதே அவள் வீட்டார் வாயைத் திறக்காத விஷயம் அது. இனிமேல் எந்த மூஞ்சியோடு சொல்வது?

ஜாயின் ஸ்கூலும் அன்றோடு நின்றது. வீடே பள்ளிக்கூடம், அம்மாவே டீச்சர். பெண்ணும் அம்மாவின் முந்தானையை விட்டு நகராது. சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்துதான் கூட்டல் கழித்தல். லீலா துணி காயப்போட மாடிக்குப் போனால், வாய்ப்பாடும் பின்னாலேயே படி ஏறும்.

போதாக்குறைக்கு, அரிசி டப்பாவுக்குள் மாத்திரை அட்டை வேறு. தண்டலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாமல் வாங்கி வந்தது. 'விசுவாசம் இருக்கற வூட்ல மாத்திரைக்கு இன்னா வேல?' என்று கேட்கிற சபை அது. லீலா அசந்தாலும் ஜாய் அசரமாட்டாள். "அம்மா, மாத்திர" என்று காதோரம் வந்து கிசுகிசுப்பாள். பச்சைப் பிள்ளையையும் கள்ளத்தனத்துக்குப் பழக்கிவிட்டோமே என்று அப்போதெல்லாம் லீலா கூனிக்குறுகிப் போவாள்.

ஜெபம் முடிந்தது. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. லீலா கை ஊன்றி எழுவதற்குள் ஜாய் பாய்ந்து போய் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"இன்னா லீலா இது? வலிப்பு வர்ற கொழந்தைய அடுப்பாண்ட வுடலாமா?" என்று பதறினார் பாஸ்டரம்மா.

லீலா ஜாயைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"சரி வுடு. நல்ல சேதி ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். பாப்பாவுக்கு வந்து ரொம்ப நாளாச்சாமே, யேசுராஜு சொன்னாரு. ஸ்கூல்ல எச்.எம். ஆண்ட பேசிட்டேன். திங்கக்கெழம கூட்டிக்கினு வந்து சேத்துடு."

"இல்ல பாஸ்டரம்மா... இன்னும் கொஞ்ச நாள் போவட்டுமே."

"இன்னும் எத்தினி நாளு? ஒன் பயத்துக்கு அது படிப்பப் பாழாக்குவியா? தேவன் சுகம் குடுத்துட்டாருன்னு நான் நம்புறேன். பெத்தவ நீ நம்ப மாட்டியா?"

அந்தக் கேள்வி லீலாவை அறைந்தது. காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் ஜாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்ப்பது அவளுக்குத் தெரியாதா? வேன் போன பிறகு ஒன்றும் சொல்லாமல் வந்து பாடப் புத்தகத்தைத் திறக்கும். பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை என் பயம் தின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

இனியும் கூடாது. எது நடந்தாலும் நடக்கட்டும்.

"சரிங்க பாஸ்டரம்மா. திங்கக்கெழம வுட்டுர்றேன்."

"ஸ்தோத்திரம்!" பாஸ்டரம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஜாயை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஸ்கூலுக்குப் போறியாடா கண்ணு? அங்க ஊஞ்சல்லாம் கீது!"

ஜாயின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. மறுகணம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே வாடிவிட்டது. மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"ஏன்டா? அங்க வலிப்பு வந்துடும்னு பயமா?"

"ஜாய், நீ உள்ள போ!" என்று பதறி எழுந்தாள் லீலா.

அதற்குள் குழந்தை கேட்டுவிட்டது.

"நான் ஸ்கூலுக்குப் போயிட்டா, அம்மாவுக்கு வலிப்பு வர்றப்ப யாரு பாத்துக்குவா ஆன்ட்டி?"