டீசல் மணம்

கோவையில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் எல்லோர் காலரிலும் ஒரு பொத்தான் இருந்தது. கால் தடுமாறப் போவதை முன்பே உணர்ந்து அது லாவெண்டர் வாசனையை விடும். முகர்ந்தவர்கள் நிதானித்து நின்றுவிடுவார்கள். குப்பண்ணனுக்கு மட்டும் அது பலிக்கவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்தார். இன்னொரு முறை விழுந்தால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்ன வேலைங்கய்யா பார்த்தீங்க?" என்று நர்ஸ் பெனிட்டா கேட்டாள்.

"பஸ் கண்டக்டருங்க அம்மணி. முப்பத்திரண்டு வருசம். ஓடுற பஸ்ஸுல கம்பியப் புடிக்காம நிப்பேன்."

டீசல் பஸ்கள் சாலையை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பெனிட்டா பொத்தான் செய்யும் ஆய்வகத்துக்கு எழுதி, பத்து நாள் காத்திருந்து, டீசல் புகையின் மணம் நிரப்பிய பொத்தானை வரவழைத்தாள்.

குப்பண்ணன் அதை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். பாதி வழியில் உடல் சாய்ந்தது. மணம் வந்ததும் கால்களை அகட்டி ஊன்றி நிமிர்ந்துவிட்டார். தாங்கிப் பிடிக்க ஓடிவந்த பெனிட்டா சிரித்துவிட்டாள்.

அங்கிருந்து மகளிர் பிரிவு வரை தனியாகவே நடந்து, மனைவி நாச்சம்மாளின் கட்டிலருகே போய் நின்றார். மறதி நோய் வந்த அவள் இரண்டு வருடங்களாக அவரை யாரோ போலத்தான் பார்த்துவந்தாள். இப்போது மூக்கைச் சுருக்கினாள்.

"டூட்டி முடிஞ்சு இப்பத்தான் வர்றீங்களா? கையக் கழுவிட்டு உக்காருங்க, சோறு போடறேன்."

குப்பண்ணன் கை கழுவப் போனார்.