சொற்குன்றத்தின் சோதனை

"ஒரே ஒரு சொல்லைத்தான் தேடிப் பார்ப்பேன். அதற்குச் சரியான பதில் சொல்லாத அகராதி இந்தப் பதிப்பகத்துக்குள் நுழைய முடியாது" என்றார் தலைமை ஆசிரியர்.

அகராதி மென்பொருள் விற்க வந்தவர் பணிவாகக் கேட்டார். "எந்தச் சொல் சார்?"

"அதைச் சொல்லிவிட்டால் அது சோதனையா? தயார் செய்து கொண்டுவந்து வையுங்கள். நான் தனியாகப் பார்க்க வேண்டும்."

தலைமை ஆசிரியருக்குச் 'சொற்குன்றம்' என்று ஒரு பட்டம் உண்டு. ஏதோ ஒரு நூலக விழாவில் பிடித்த மைக்கை அவர் விடவில்லை. மேடையிலிருந்து இறக்க வேறு வழி தெரியாமல் பட்டம் கொடுத்து இறக்கினார்கள். அன்றிலிருந்து அறைக் கதவில், விசிட்டிங் கார்டில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில்கூட அதுதான். சொந்தப் பெயரை மனைவியே மறந்துவிட்டதாகக் கேள்வி.

விற்பனையாளர் வெளியே வந்து, புரூஃப் பார்க்கும் அம்மாளின் மேசையில் தன் லேப்டாப்பைத் திறந்தார். பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஆஸ்துமாக்காரர் போல் இழுத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு முன்னாடி யாராவது வந்தாங்களா மேடம்?"

"மூணு பேர் வந்தாங்க. கதவைச் சாத்திட்டுப் பார்த்தார். 'சொல்வளம் போதாது'ன்னு மூணு பேரையும் அனுப்பிட்டார்."

"பழைய அகராதி அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"நீங்க வேற. அது இந்த ஒரு மிஷின்ல மட்டும்தான் ஓடும், புதுசு எதுலயும் ஏறாது. ஒரு சொல்லைக் கேட்டுட்டு, டீ குடிச்சுட்டு வந்து பார்க்கலாம். எடிட்டோரியல் மொத்தமும் இதுக்கு முன்னாடி வரிசையில நிக்குது. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள என் பொண்ணு தூங்கிடறா. போன ஞாயித்துக்கிழமை என்னைப் பார்த்து, 'யாரைப் பார்க்க வந்தீங்க'ன்னு கேட்கறா. கொழுப்பு."

"இன்னிக்கும் தேறலைன்னா?"

"இனிமே யாரையும் கூப்பிடாதீங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிட்டார்."

விற்பனையாளர் பெருமூச்சு விட்டார். "எனக்கும் இது போச்சுன்னா மேனேஜர் மூஞ்சியில முழிக்க முடியாது மேடம்."

அவள் மூடியிருந்த கதவை ஒருமுறை பார்த்தாள்.

"இதுல நாமளா சொல் சேர்க்க முடியுமா?"

"தாராளமா. சேர்க்கறதுக்குன்னே தனி இடம் இருக்கு."

"இப்படித் தள்ளுங்க. நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் வேடிக்கை பாருங்க."

அவர் வேடிக்கை பார்த்தார். அவள் ஏதோ தட்டினாள்.

லேப்டாப் உள்ளே போனது. கதவு சாத்தப்பட்டது. பிறகு மேடையில் பேசப்போகிறவர் கனைப்பதுபோல் ஒரு கனைப்பு கேட்டது. கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி தலைமை ஆசிரியர் நின்றார்.

"வாங்கிவிடுங்கள். பழைய அகராதியைத் தொகுத்தவர்களைப் போலவே இவர்களும் நேர்மையானவர்கள். உலகத்தில் இன்னும் நாலு பேருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது."

சொல்லிவிட்டு, விற்பனையாளரின் தோளைத் தட்டி, மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விற்பனையாளர் லேப்டாப்பை மேசையில் வைத்தார். "என்ன மேடம் பண்ணீங்க?"

அவள் 'மேதை' என்று தட்டிக் காட்டினாள். திரையில் வரிசையாக வந்தது: அறிஞர், பேரறிவாளர், விற்பன்னர், சொற்குன்றம்.

"கதவுல போட்டிருக்கே, அந்தச் சொற்குன்றமா?"

"அவரேதான். பழைய அகராதி வந்த அன்னிக்கே அதுல இதை ஏத்திட்டேன். புதுசா அகராதி வந்தா அவர் முதல்ல எந்தச் சொல்லைத் தேடுவார்னு எங்களுக்குத் தெரியாதா? தொகுத்தவங்களே போட்டதுன்னு நம்பிட்டிருக்கார். தினமும் காலையில வந்ததும் இந்த மிஷின்ல ஒரு தடவை அதைப் பார்த்துட்டுத்தான் சீட்டுக்கே போவார்."

விற்பனையாளரின் முகத்தில் இருந்த நன்றி கொஞ்சம் குறைந்தது. "தப்பா நினைக்காதீங்க மேடம். இவ்வளவு வருஷமா இப்படிக் காக்கா பிடிச்ச ஆளை நான் பார்த்ததில்லை."

அவள் கோபப்படவில்லை. பழைய கம்ப்யூட்டரின் கீபோர்டை இழுத்து, 'தொல்லை' என்று தட்டினாள். அது நெடுநேரம் இழுத்து, யோசித்து, ஒவ்வொன்றாகக் கக்கியது: தொந்தரவு, இம்சை, குடைச்சல், சொற்குன்றம்.

விற்பனையாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது மாதிரி இன்னும் நிறைய இருக்கு. ஒண்ணு விடாம புதுசுக்கு மாத்திக் கொடுங்க" என்றாள் அவள். "முதல்ல ஏத்தினது இதைத்தான் சார். மேதையை ஏத்தினதே, அவர் வேற எதையும் தேடாம இருக்கணும்னுதான்."