நடுத்திரையில் மீன்

அறையில் இருந்தவர்கள்: செயலி எழுதிய அமுதினி, ஆறு மணிக்குள் அது சரியாக ஓடாவிட்டால் அவளை வேலையிலிருந்து நிறுத்துவதாகச் சொல்லியிருந்த முதலாளி தேவசகாயம், கைபேசிக்குள் ஒரு மீன்.

மீனை வரைவது பைத்தான் என்ற கணினி மொழியின் விளையாட்டு நிரல். விரல் பட்ட இடத்தைச் சொல்வது வேறொரு செயலி நிரல். இரண்டையும் அமுதினிதான் ஒட்டவைத்தாள். முதலாவது உயரத்தை மேலிருந்து எண்ணும், மற்றது கீழிருந்து. அதை மறந்துவிட்டாள்.

தேவசகாயம் திரையின் மேலே தொட்டார். விரலைத் தேடி வரவேண்டிய மீன் அடியில் போய் நின்றது. கீழே தொட்டார். மேலே ஓடியது.

“என்னம்மா, உன் மீனுக்கு என்னைக் கண்டா ஆகாதா?”

அமுதினி மடிக்கணினியை இழுத்தாள். “ஒரே வரி சார். மாத்திடறேன்.”

“இரு.”

அவர் விரலை மெல்ல இறக்கினார். மீனும் மெல்ல ஏறியது. நட்டநடுவில் இரண்டும் தொட்டுக்கொண்டன. அவர் மூச்சுவிடவில்லை. மீனின் வால் மட்டும் அசைந்தது. அவளே எழுதியதுதான், இருந்தும் அவளுக்கு மயிர் கூச்செறிந்தது.

“இதுல கை வச்சிராத,” என்றார், திரையிலிருந்து கண் எடுக்காமல். “நீ கிளம்பு. நாளைக்குச் சீக்கிரம் வா.”

அமுதினி வெளியே வந்தாள். அவளிடம் அறைச் சாவியைத் திருப்பி வாங்க வந்திருந்த தேவசகாயம், அதைக் கேட்காமலே அவள் பின்னால் கதவைச் சாத்தி, மீனோடு உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டார்.