மஞ்சள் தீ

காஸ் தீரப்போகிறது. பிளம்பரின் மனைவி சிலிண்டரைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். தீ நீலமாக எழும்பி மறுபடி மஞ்சளாய்ச் சுருங்குகிறது. பதினோரு நாளாகப் பிளம்பருக்கு வேலையில்லை. பானையின் மூடி நடுங்குகிறது. அவன் ஜன்னல் வெயிலில் முழங்கால் போட்டு, "எங்க தேவை உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்கிறான். தீ சுருங்காமல் நிற்கிறது. ஜெபத்தை நீட்டுகிறான், சபையார், பக்கத்து வீட்டார், பேர் தெரியாத நோயாளிகள் எல்லாரும் அதில் வந்துபோகிறார்கள். அவளும் கண்ணை மூடியிருக்கிறாள், சிலிண்டரை மட்டும் விடவில்லை. ஜெபிக்க ஆள் தீர்ந்துபோய் அவன் குரல் இறங்குகிறது. தீயும் இறங்குகிறது. அவள் ஒரு கையால் மூடியைத் தள்ளி, கரண்டியில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள். "ஐயோ, ஆமென் சொல்லிடாதீங்க" என்கிறாள் பதறிப்போய். "அரிசி இன்னும் வேகல."