குறுக்கே ஒரு கோடு

“குப்பையை மட்டும் எடுங்க. என் எழுத்துல ஒண்ணு குறையக் கூடாது.”

பெரியவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். இணையதளம் ஒன்றில் பதினைந்து வருடங்களாக அவர் எழுதிவந்த குடும்ப வரலாறு மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். சொந்தபந்தம் முந்நூறு வீட்டுக்கும் ஒரு பிரதி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

தளத்தின் டேட்டாபேஸிலிருந்து வந்ததோ வைக்கோல் போர். நான்கு சொல்லுக்கு நாற்பது குறி. எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி என்று இணையப் பக்கத்தை வடிவமைக்கும் எச்.டி.எம்.எல். குறிகள் மண்டிக் கிடந்தன. கணினி முன் இருந்த பெண் அசரவில்லை. குறிகள் எல்லாவற்றையும் வாரி எறியும்படி ஆறே வரியில் நிரல் எழுதி ஓடவிட்டாள். நானூறு பக்கமும் கழுவிவிட்ட தரைபோல வந்து நின்றது.

பெரியவர் திரையில் படித்துக்கொண்டே போனார். பாட்டனார் வெட்டிய கிணறு, ஜெயித்த வழக்கு, பெரியப்பா கட்டிய பள்ளிக்கூடம். தலை நிமிர்ந்தே இருந்தது. முந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

‘இளையவள் குலத்தின் பெயரைக் கெடுத்தாள். இனி அவள் என் மகள் அல்ல.’

இது எப்படி வந்தது என்று கேட்டார்.

“நீங்க எழுதினதுதான், ஐயா.”

“எழுதினேன். அடுத்த வாரமே அடிச்சிட்டேன். மேலே போட்ட கோடு எங்கே?”

அவள் மூலத்தைத் திறந்தாள். வரியின் இரு முனையிலும் அடித்தல் குறி இருந்தது. கூடவே தேதி, பதினோரு வருடம் பழையது. அதையும் குப்பை என்றே நிரல் வாரியிருந்தது. இப்படியே அச்சேறினால், அவர் திரும்பப் பெற்ற சொல் முந்நூறு வீட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடித்த வரிகளை அடியோடு நீக்கிவிடலாம், ஒரு நிமிட வேலைதான் என்றாள் அவள்.

“வேண்டாம். நீக்கினா நான் சொல்லவே இல்லைன்னு ஆயிடும். சொன்னவனும் நான், தப்புன்னு அடிச்சவனும் நான். ரெண்டும் தெரியட்டும். மூடி மறைக்கிறது எங்க வீட்டு வழக்கமில்லை.”

அவள் நிரலைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். வரியின் குறுக்கே கோடு வந்து விழுந்தது. அச்சிலும் இப்படியே வரும் என்று உறுதியாகச் சொன்னாள்.

பெரியவர் எழுந்தார். கதவுவரை போய், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“புஸ்தகம் வந்ததும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. இன்னும் எத்தனை வருஷம்தான் உங்கம்மா வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பா?”