மூன்றாவது பெயர்

சட்டமன்றக் கூட்டத்தின் முதல் நாள். மறைந்த முன்னாள் உறுப்பினர்களுக்கான இரங்கல் குறிப்பைப் பேரவைத் தலைவர் வாசிப்பதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த பூவராகன், மூன்றாவதாகத் தன் பெயரைக் கேட்டார். போன மாதம் இறந்தது வேறொரு தொகுதியின் பூவராகன். யாரோ அவசரத்தில் இவருடைய குறிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இவர் ஜெயித்த மேலக்கரை தொகுதி, இவருடைய மூன்று வெற்றிகள், ஆண்டு பிசகவில்லை. தோற்ற இரண்டையும், கடைசியில் டெபாசிட் போனதையும் தலைவர் வாசிக்கவில்லை. செத்தவனுக்கு அந்த மரியாதை உண்டு. உறுப்பினர்கள் மௌனமாக எழுந்தபோது பூவராகனும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்.

"ஏங்க, போன் போட்டு உசுரோடதான் இருக்கேன்னு சொல்லுங்க!" என்று பதறினாள் அவர் மனைவி மங்கையர்க்கரசி.

"இரு. கட்சிக்காரங்க அலறியடிச்சுக்கிட்டு வருவாங்க. அப்பச் சொல்லிக்கலாம்."

குளித்து, கரைவேட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தார். போன் ஒரே ஒரு முறை அடித்தது. சிலிண்டர் போடுகிறவன்.

வெயில் தாழ்ந்ததும், வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, துக்க வீட்டில் போடுவதுபோல வாசலில் வரிசையாகப் போட்டார். மங்கையர்க்கரசி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேலக்கரை கடைவீதியில் இருபது வருஷமாக இஸ்திரி போடுகிறவர் அந்தப் பக்கமாக வந்தார். நாற்காலிகளைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"யாருங்க தவறிட்டது?"

"மூணு தடவ எம்.எல்.ஏ.வா இருந்தவரு."

"அடப் பாவமே," என்றார் இஸ்திரிக்காரர். "எந்தத் தொகுதிக்குங்க?"